கொழும்பில் ஸ்டார்ட்அப் தொடங்குகிறீர்களா? தரவுப் பாதுகாப்பு வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்

சென்ற வருடம் எங்கள் நிறுவனத்துக்குக் காசு போட ஒருவர் முன்வந்தார். பெரிய நிறுவனம் ஒன்றுமில்லை. வெள்ளவத்தையில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நான்கு பேர் இருந்து நடத்துகிறோம். ரியூசன் வகுப்பு தேட, இடம் பதிய, மாதக் கட்டணம் கட்ட ஒரு செயலி. பேச்சுவார்த்தை நன்றாகத்தான் போனது. கடைசியில் அவருடைய சட்டத்தரணி இரண்டு பக்கக் கேள்விப் பட்டியல் ஒன்றை அனுப்பிவைத்தார். முதல் கேள்வி இது: யாருடைய விபரங்களை, என்னென்ன விபரங்களை, எங்கே வைத்திருக்கிறீர்கள்?

நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பட்டியலுக்குப் பதில் எழுதி முடிக்க ஏழு கிழமை எடுத்தது. அதில் மூன்று கிழமை தவறான வேலையைச் செய்ததால் வீணாய்ப் போனது. 45,000 ரூபாயும் அதோடு சேர்ந்து போனது. அந்தக் கதையை ஆறாவது படியில் சொல்கிறேன். நீங்கள் இந்த வேலையைக் காசு கேட்கப் போகுமுன்பே தொடங்கினால் இரண்டு கிழமைக்குள் முடித்துவிடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. சட்டத்தரணியிடம் எப்போது போக வேண்டும், கையில் என்ன கொண்டுபோக வேண்டும் என்பதுதான் இதில் இருக்கிறது.

1. சட்டம் உங்களைத் தொடுகிறதா என்று பாருங்கள்

அநேகமாகத் தொடும். இலங்கையின் சட்டம் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். தரவை இலங்கைக்குள் கையாண்டால், நிறுவனம் இங்கே பதிவாகியிருந்தால், அல்லது இங்கே இருப்பவர்களுக்குப் பொருளோ சேவையோ வழங்கினால் அது பொருந்தும். "நாங்கள் நான்கு பேர்தானே, எங்களை யார் பார்க்கப் போகிறார்கள்" என்று ஒரு விதிவிலக்கு அதில் கிடையாது. வீட்டுத் தேவைக்காக நீங்கள் வைத்திருக்கும் தொலைபேசி எண் புத்தகத்துக்கு மட்டும்தான் விலக்கு.

எப்போதிருந்து என்று கேட்பீர்கள். தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையை, அதாவது இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அரச அமைப்பை, அமைக்கும் பகுதி 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்களின் கடமைகள் பற்றிய பகுதிகளுக்கு 2025 மார்ச் 18 என்று முதலில் திகதி குறித்தார்கள், பிறகு அதை விலக்கிக்கொண்டார்கள். அதே வருடம் திருத்தச் சட்டமும் வந்தது. இப்போது ஒவ்வொரு பகுதிக்குமான திகதியை அமைச்சர் வர்த்தமானியில் அறிவிப்பது என்பதுதான் முறை. இதைக் கேட்டதும் "சரி, திகதி வரட்டும் பார்ப்போம்" என்றுதான் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் எங்களிடம் முதலில் கேட்டது அதிகாரசபை இல்லை, முதலீட்டாளர். அடுத்துக் கேட்டது ஒரு வங்கி. அவர்கள் வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை.

தண்டப்பணம் பற்றியும் பயமுறுத்தும் கதைகள் உலவுகின்றன. ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபாய் வரை என்பது உண்மை. திரும்பவும் மீறினால் அதற்கு மேலும் கூடும். ஆனால் எடுத்த எடுப்பில் ஒரு கோடி கேட்டுக் கடிதம் வராது. அதிகாரசபை முதலில் பணிப்புரை விடும். அதற்கும் இணங்காதவர்களுக்குத்தான் தண்டம். தொகையைத் தீர்மானிக்கும்போது நீங்கள் எடுத்த முயற்சிகளையும் கணக்கில் எடுப்பார்கள். ஆகவே செய்தவற்றை எழுதி, திகதியிட்டு வையுங்கள்.

2. பட்டியல் போடுங்கள்

உண்மையான வேலை இதுதான். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வரும். இதைச் செய்யாமல் சட்டத்தரணியிடம் போனால், உங்கள் நிறுவனத்தில் என்ன நடக்கிறது என்பதை அவரிடம் விளக்கவே மணிக்கணக்கில் காசு கட்டுவீர்கள்.

ஒரு அட்டவணை திறந்து ஏழு நிரல்கள் போடுங்கள்: என்ன விபரம், யாருடையது, எப்படி வந்தது, எதற்கு, எங்கே இருக்கிறது, யாரால் திறந்து பார்க்க முடியும், எப்போது அழிப்போம். நான்கு பேரும் ஒரே மேசையில் இருந்து செய்யுங்கள். தனித்தனியாகச் செய்தால் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் போய்விடும். எங்களுக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது, இரண்டு தேநீரும் ஒரு சண்டையும் உட்பட.

செயலியின் தரவுத்தளத்தை எல்லோரும் நினைவாக எழுதிவிடுவார்கள். பிரச்சினை அதற்கு வெளியே இருக்கிறது. எங்கள் வீட்டில் கிடைத்தவற்றைச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் தேடுங்கள்:

முதல் மாதம் செயலி இல்லாதபோது கூகுள் ஃபோமில் எடுத்த பதிவுகள். அந்த ஷீட்டின் இணைப்பு யாரிடம் இருந்தாலும் திறக்கும்.

பெற்றோர் வங்கியில் காசு கட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிய சீட்டின் படங்கள். பெயர், கணக்கு எண், கையொப்பம் எல்லாம் தெரியும். அவை என் சொந்தப் போனின் படத் தொகுப்பில், என் மகளின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவில் கிடந்தன.

ஆசிரியர்களைச் சேர்க்கும்போது வாங்கிய தேசிய அடையாள அட்டையின் இரு பக்கப் படங்கள்.

வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் சுயவிபரக் கோவைகள். தெரிவாகாத முப்பது பேருடையவையும் அப்படியே மின்னஞ்சலில் இருந்தன.

எங்களோடு தொடங்கி இடையில் விலகிய நண்பரின் மடிக்கணினியில் ஒரு முழுப் பிரதி. அது இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

அடையாள அட்டை எண் பற்றிக் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு கட்டத்தில் நாங்கள் பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டு அடையாள அட்டை எண்ணை மட்டும் வைத்து ஒரு பிரதி எடுத்தோம். "இது பெயரில்லாத தரவு, பிரச்சினை இல்லை" என்று பெருமையாகவும் எழுதிவைத்தோம். அந்த எண்ணையே படித்துப் பாருங்கள். புதிய பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். பழைய எண்ணிலும் இதே முறைதான், வருடம் மட்டும் இரண்டு இலக்கத்தில் இருக்கும். ஆக அந்த எண் ஒன்றே ஒருவரின் பிறந்தநாளையும் பாலையும் சொல்லிவிடுகிறது, ஆளையும் தனியாகக் காட்டிக்கொடுக்கிறது. உள்ளே அடையாளப்படுத்த ஒரு எண் தேவை என்றால் 1, 2, 3 என்று நீங்களே ஒன்றைக் கொடுங்கள்.

சட்டத்தில் உயிரோடு இருப்பவர், இறந்தவர் இரண்டு பேருமே அடங்குவார்கள் என்பதையும் கவனியுங்கள். மருத்துவம், காப்புறுதி, நினைவஞ்சலி அறிவித்தல் போன்ற துறையில் இறங்குபவர்களுக்கு இது முக்கியம்.

3. விசேட வகையைச் சிவப்பால் குறியுங்கள்

பட்டியல் முடிந்ததும் சில வரிகளைத் தனியே நிறமிட வேண்டும். இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம், மரபணு, கைரேகை போன்ற உயிரியல் அடையாளங்கள், பாலியல் வாழ்க்கை, குற்ற வழக்குகள், இவற்றோடு சிறுவர் பற்றிய எந்தத் தரவும் விசேட வகை. இலங்கைச் சட்டத்தில் சிறுவர் என்றால் 16 வயதுக்குக் குறைந்தவர்.

"நாங்கள் மதம் எதுவும் கேட்பதில்லையே" என்று நான் சொன்னேன். எங்கள் செயலியில் பாடம் தெரிவு செய்யும் பெட்டி இருக்கிறது. சாதாரண தரத்தில் சமயம் ஒரு பாடம். சைவநெறி வகுப்புக்குப் பதிந்த பிள்ளையின் மதத்தைத் தனியாக வேறு கேட்க வேண்டுமா? அதோடு மொழிமூலம் என்று இன்னொரு பெட்டி. இரண்டையும் சேர்த்தால் இந்த நாட்டில் ஒருவரைப் பற்றி எவ்வளவு தெரிந்துவிடும் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பெட்டியைத் தூக்கிவிட முடியாது. வகுப்பு தேட அது வேண்டும். ஆனால் அந்த விபரத்தை வகுப்பின் பக்கம் வைத்தோம், பிள்ளையின் சுயவிபரப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டோம். ஆசிரியர்களுக்குத் தங்கள் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் தெரியும்படி மாற்றினோம். முன்பு எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தது.

இன்னொரு பொறி அலுவலகத்திலேயே இருக்கும். வரவு பதிய ஒரு கைரேகை இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி மாட்டிவிடுவார்கள். நான்கு பேர் எப்போது வந்தார்கள் என்று அறிய நான்கு பேரின் கைரேகை எதற்கு? ஒரு கொப்பி போதும்.

4. வேண்டாததை அழியுங்கள்

இதற்கு ஒரு சதமும் செலவில்லை, பலனோ மிக அதிகம். தேவைக்கு மேல் சேகரிக்கக் கூடாது, தேவை முடிந்த பிறகு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. எங்கள் பட்டியலில் இருந்த 41 வரிகளில் 17 இந்தப் படியிலேயே போய்விட்டன. வீட்டு முகவரி எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை, ஏதோ ஒரு படிவத்தில் பார்த்துப் போட்டிருக்கிறோம். அடையாள அட்டைப் படத்தைச் சரிபார்த்ததும் "பார்த்தேன், இன்ன திகதி, இன்னார்" என்று குறித்துவிட்டுப் படத்தை அழித்தோம்.

அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். கட்டணப் பற்றுச்சீட்டு, விலைப்பட்டியல், சம்பள விபரம் போன்றவற்றை வரிக்கும் கணக்குக்கும் பல வருடங்கள் வைத்திருக்க வேண்டும். எத்தனை வருடம் என்பதை உங்கள் கணக்காளரிடம் கேட்டு ஏழாவது நிரலில் எழுதுங்கள். அழிக்கும்போது கூகுள் டிரைவின் குப்பைக்கூடை, காப்புப் பிரதி, விலகிப்போன நண்பரின் மடிக்கணினி மூன்றையும் மறக்க வேண்டாம். நண்பரிடம் அழித்துவிட்டதாக மின்னஞ்சலில் ஒரு வரி வாங்கிவைத்தோம்.

5. ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் எழுதுங்கள்

எல்லாவற்றுக்கும் சம்மதம் வாங்கிவிட்டால் தப்பிவிடலாம் என்பது பரவலான எண்ணம். அது தவறு. சட்டத்தில் சம்மதம் ஒரு காரணம் மட்டும்தான். ஒப்பந்தத்தை நிறைவேற்ற, சட்டக் கடமையை நிறைவேற்ற, உயிர் ஆபத்தில் உதவ, பொது நலனுக்காக, உங்கள் நியாயமான நலனுக்காக என்று வேறு காரணங்களும் உண்டு.

வகுப்புக்குக் காசு கட்டியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒப்பந்தத்துக்குத் தேவை. அதற்குச் சம்மதம் கேட்டால் நாளைக்கே அவர் "சம்மதத்தை விலக்குகிறேன்" என்று சொல்லலாம். அப்போது என்ன செய்வீர்கள்? சம்மதத்தை, ஒருவர் மறுத்தாலும் சேவை ஓடக்கூடிய விடயங்களுக்கு மட்டும் வையுங்கள்: புதுவகுப்பு விளம்பரம், பிள்ளையின் பெறுபேற்றைப் பக்கத்தில் போடுவது, படம் எடுப்பது. முன்கூட்டியே டிக் போட்ட பெட்டி சம்மதம் ஆகாது. யார், எப்போது, எந்த வாசகத்துக்குச் சம்மதித்தார் என்ற பதிவும் உங்கள் பக்கம் இருக்க வேண்டும். எங்களிடம் டிக் இருந்தது, எந்த வாசகம் என்பது இல்லை. வாசகத்தை இரண்டு முறை மாற்றியிருந்தோம்.

பிள்ளைகளுக்கு இது போதாது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்காகப் பெற்றவரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வகுப்புக்குப் பதிகிற பிள்ளைக்குப் பத்து வயது. ஆனால் எங்கள் செயலியில் கணக்குத் திறப்பது பிள்ளை, அம்மாவின் போனில். இதைச் சரிசெய்யத்தான் ஆக அதிக நாள் எடுத்தது. முடிவில் கணக்கைப் பெற்றோருடையதாக மாற்றி, அதற்குள் பிள்ளையைச் சேர்க்கும்படி செய்தோம். காசு கட்டுவதும் பெற்றோரின் அட்டையில் என்பதால் ஆளை உறுதிப்படுத்த அது உதவியது. நீங்கள் பிள்ளைகள் பக்கம் போகிறீர்கள் என்றால் முதல் நாளே இப்படிக் கட்டுங்கள். பிறகு மாற்றுவது வீட்டைக் கட்டி முடித்துவிட்டு அத்திவாரத்தைத் தோண்டுவது போல.

6. அறிவித்தலை எழுதுங்கள், வாங்காதீர்கள்

45,000 ரூபாய் போனது இங்கேதான். பட்டியல் போடுமுன்பே, இணையத்தில் அறிமுகமான ஒருவரிடம் தனியுரிமை அறிவித்தல் (வாடிக்கையாளரின் விபரங்களை என்ன செய்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்லும் பக்கம்) எழுதக் கொடுத்தோம். மூன்று நாளில் பதினாறு பக்கம் வந்தது. பார்க்க அழகாய் இருந்தது. முதலீட்டாளரின் சட்டத்தரணி அதைப் படித்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார். ஐரோப்பாவில் ஒரு பிரதிநிதி இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, யார் அவர்? தரவை மூன்றாம் தரப்புக்குக் கொடுப்பதே இல்லை என்கிறீர்களே, குறுஞ்செய்தி யார் அனுப்புகிறார்கள்? குழந்தைகளுக்கு இந்தச் சேவை இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வாடிக்கையாளர்கள் யார்?

பொய்யான அறிவித்தல் இல்லாத அறிவித்தலைவிட மோசம் என்று அவர் மரியாதையாகச் சொன்னார். அதைக் கிழித்துப்போட்டுவிட்டு, பட்டியலை வைத்து நாங்களே இரண்டு பக்கம் எழுதினோம். அதில் இருக்க வேண்டியவை: நீங்கள் யார், எப்படித் தொடர்புகொள்வது, என்ன எடுக்கிறீர்கள், எதற்கு, எந்தக் காரணத்தின் கீழ், யாருக்குக் கொடுக்கிறீர்கள், எந்த நாட்டில் சேமிக்கிறீர்கள், எவ்வளவு காலம், அவர்களுக்கு என்னென்ன உரிமைகள், சம்மதத்தை எப்படி விலக்குவது, அதிகாரசபையிடம் எப்படி முறையிடுவது.

மொழியை மறக்காதீர்கள். எளிதில் விளங்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. தமிழ்மூலப் பிள்ளையின் அம்மாவுக்கு ஆங்கிலத்தில் பதினாறு பக்கம் விளங்குமா? தமிழை நாங்களே எழுதினோம். சிங்களத்துக்கு மொழிபெயர்ப்பாளருக்கு 12,000 கொடுத்தோம். மூன்று மொழியிலும் ஒரே பதிப்பு எண், ஒரே திகதி போடுங்கள். ஒன்றை மாற்றினால் மூன்றையும் மாற்ற வேண்டும். சட்டத்தையே படிக்க விரும்பினால் அரச அச்சகத் திணைக்களத்தின் தளத்தில் தமிழிலும் இருக்கிறது. ஆனால் தமிழும் சிங்களமும் முரண்பட்டால் சிங்களமே மேலோங்கும் என்று சட்டத்தின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. இழுபறியான இடம் வந்தால் சிங்கள உரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் சட்டத்தரணியிடம் போனோம். பட்டியல், இரண்டு பக்க அறிவித்தல், ஒன்பது கேள்விகள். இரண்டு மணி நேரம், 30,000 ரூபாய். தொகை ஆளுக்கு ஆள் மாறும். போகுமுன் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் போங்கள்.

7. வெளியாரோடு எழுத்தில் பேசுங்கள்

தரவை எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவர் நீங்கள். உங்களுக்காக அதைக் கையாள்பவர்கள் வேறு: முகில் (கிளவுட்) சேமிப்பு நிறுவனம், குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனம், மின்னஞ்சல் சேவை, கணக்காளர், பகுதிநேரமாகக் குறிமுறை எழுதித் தரும் தம்பி. இவர்கள் ஒவ்வொருவரோடும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். பெரிய நிறுவனங்கள் அந்த ஒப்பந்தத்தைத் தாங்களே தயாராக வைத்திருக்கும், அமைப்புகள் பகுதியில் தேடி ஏற்றுக்கொண்டு பிரதியைத் தரவிறக்கி வையுங்கள். சிக்கல் சிறியவர்களோடுதான். எங்களுக்குக் குறிமுறை எழுதித் தந்த தம்பி முழுத் தரவுத்தளத்தையும் தன் கணினியில் வைத்துப் பரீட்சித்துக்கொண்டிருந்தார். அவரில் பிழை இல்லை, நாங்கள்தான் கொடுத்தோம். இப்போது பொய்த் தரவு போட்ட ஒரு பிரதியில்தான் வேலை செய்கிறார். ஒன்றரைப் பக்க ஒப்பந்தத்திலும் கையொப்பமிட்டிருக்கிறார்.

அட்டை எண்களை எக்காரணம் கொண்டும் உங்கள் பக்கம் சேமிக்காதீர்கள். பணக்கொடுப்பனவுச் சேவையின் பக்கத்துக்கே அனுப்பிவிடுங்கள்.

சேவையகம் (சேர்வர்) வெளிநாட்டில் இருக்கலாமா? பெரிய முகில் நிறுவனங்களைப் பயன்படுத்தும் கொழும்புக்காரர் பலருடைய தரவு மும்பையிலோ சிங்கப்பூரிலோதான் இருக்கும். தனியார் நிறுவனம் தரவை இலங்கைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் போகும் நாட்டில் போதிய பாதுகாப்பு இருப்பதாக ஏற்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது பாதுகாப்பை உறுதிசெய்யும் ஒப்பந்தம் போன்ற ஏற்பாடு இருக்க வேண்டும். எந்த நாடு, எந்த நிறுவனம், எந்த ஒப்பந்தம் என்பதைப் பட்டியலில் எழுதுங்கள். அரச நிறுவனங்களுக்கு விதி வேறு. ஒரு மாநகர சபைக்கோ அரச பாடசாலைக்கோ உங்கள் மென்பொருளை விற்கப் போகிறீர்கள் என்றால், எங்கே சேமிக்கலாம் என்பதை விலை சொல்லுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு சேவையகம் மாற்றும் செலவு உங்கள் தலையில்தான்.

8. கேட்டு வருபவர்களுக்குத் தயாராக இருங்கள்

"என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள்?" "அது பிழை, திருத்துங்கள்." "அழியுங்கள்." இப்படிக் கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. 2022 சட்டத்தின் மூல உரையில் பதில் சொல்ல 21 வேலை நாள். நாங்கள் உள்ளுக்குள் 10 நாள் என்று வைத்திருக்கிறோம். தனி மின்னஞ்சல் முகவரி ஒன்று, அதைத் தினம் பார்ப்பவர் ஒருவர், வந்த திகதியும் பதில் போன திகதியும் எழுத ஒரு அட்டவணை. இவ்வளவு போதும்.

கேட்பவர் உண்மையில் அவர்தானா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். எங்களுக்கு வந்த முதல் கோரிக்கையே பிரிந்து வாழும் ஒரு தந்தையிடமிருந்து. பிள்ளை எந்த வகுப்புக்கு, எந்த நேரம் போகிறது என்று கேட்டார். கணக்குத் திறந்தவர் தாய். அன்று அவசரப்பட்டுப் பதில் அனுப்பாமல் சட்டத்தரணியைக் கேட்டது நல்லதாய்ப் போனது.

9. கசிவு நடந்தால் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்

எங்களுக்கு நடந்தது. இரண்டாம் படியில் சொன்ன கூகுள் ஷீட்டின் இணைப்பு ஒரு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. ஒரு அம்மா இரவு ஒன்பதரைக்குக் கூப்பிட்டு, "தம்பி, இதில எல்லாப் பிள்ளையளின்ர நம்பரும் கிடக்குது" என்றார். இணைப்பை மூடிய பிறகுதான் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்கு எங்களிடம் எந்தப் பதிவும் இல்லை என்பது விளங்கியது.

இப்போது சுவரில் இருக்கும் தாளில் இந்த வரிசை உண்டு: கசிவை நிறுத்து. நேரத்தை எழுது. எதையும் அழிக்காதே, திரையைப் படம் பிடித்து வை. யாருடைய விபரம், எத்தனை பேர் என்று கண்டுபிடி. அதிகாரசபைக்கு அறிவிப்பதா என்று இருவர் சேர்ந்து தீர்மானி. பாதிக்கப்பட்டவர்களுக்கு நேராகச் சொல். இலங்கையில் எந்த வடிவில், எத்தனை நாளுக்குள் அறிவிப்பது என்பதைச் சட்டத்தின் கீழான விதிகள் தீர்மானிக்கும். ஐரோப்பாவில் 72 மணித்தியாலம். நாங்கள் எல்லாவற்றுக்கும் 72 என்றே வைத்துக்கொண்டோம்.

தாளை எழுதும் அதே நாளில் எல்லாக் கணக்குகளுக்கும் இரு படி உறுதிப்படுத்தலை (கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் குறியீடு போன்ற இன்னொன்றையும் கேட்பது) போடுங்கள். நான்கு பேரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்வதையும் நிறுத்துங்கள். அந்தக் கடவுச்சொல் நிறுவனத்தின் பெயரும் 123உம் என்றால் இன்றைக்கே.

10. விளம்பரச் செய்திகள்

சம்மதம் இல்லாமல் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு செய்தியிலும் நிறுத்தும் வழி இருக்க வேண்டும், அதற்குக் காசு வாங்கக் கூடாது. எங்கிருந்தோ வந்த ஐயாயிரம் தொலைபேசி எண்களை ஒரு சிடியில் விற்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வாங்க வேண்டாம்.

11. புலம்பெயர்ந்த வாடிக்கையாளர் இருந்தால்

தமிழ் நிறுவனங்களுக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரமே வரும். பாரிஸில் இருக்கும் பிள்ளை சூமில் வாய்ப்பாட்டுப் படிக்க, மட்டக்களப்பு ஆசிரியர் சொல்லிக்கொடுக்க, கொழும்பில் நீங்கள் காசு வாங்குவீர்கள். ஐரோப்பாவில் உங்கள் தளம் திறக்கிறது என்பதால் மட்டும் ஜிடிபிஆர் (ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம்) பொருந்தாது. ஆனால் யூரோவில் கட்டணம் போட்டு, அங்கிருப்பவர்களைக் குறிவைத்து விளம்பரமும் செய்தால் பொருந்தும். அதன் உச்ச அபராதம் 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய வருமானத்தின் 4 சதவீதம், இரண்டில் எது கூடவோ அது. அங்கே அலுவலகம் இல்லாதவர் ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டியும் வரலாம். பிரித்தானியாவுக்கும் சுவிஸுக்கும் தனித்தனிச் சட்டம்.

பிள்ளையின் வயதில் கவனம். இணையச் சேவைக்குப் பிள்ளை தானே சம்மதிக்கக்கூடிய வயது ஜேர்மனியில் 16, பிரான்ஸில் 15, பிரித்தானியாவில் 13. இந்தியாவின் 2023 சட்டத்தில் 18 வயதுக்குக் குறைந்த எல்லோரும் சிறுவர். நாங்கள் நாட்டுக்கு நாடு வேறு விதி வைக்க முயன்று தலைசுற்றி, எல்லோருக்கும் 18 என்று வைத்துவிட்டோம். சில பதினேழு வயதுக்காரர் முறைத்தார்கள், போகட்டும்.

உங்களுக்கு அங்கே மூன்று வாடிக்கையாளர்தான் என்றால், இதையெல்லாம் செய்யத் தொடங்குமுன் அந்த மூவரும் வேண்டுமா என்று யோசியுங்கள். நாங்கள் ஐரோப்பாவை ஒரு வருடம் தள்ளிப்போட்டோம்.

12. கோப்புறை, காலம், காசு

முதலீட்டாளர் கேட்டால் அதே நாளில் அனுப்பக்கூடிய ஒரு கோப்புறை வையுங்கள். எங்களுடையதில் இருப்பவை: பட்டியல், மூன்று மொழி அறிவித்தலும் அதன் பழைய பதிப்புகளும், சம்மத வாசகங்கள், வெளியாரோடான ஒப்பந்தங்கள், கோரிக்கை அட்டவணை, கசிவுத் தாள், அழித்தவற்றின் பதிவு, ஊழியர் நால்வரும் ஒப்பமிட்ட இரகசிய உறுதிமொழி.

காலம்: பட்டியல் ஒரு நாள், அழிப்பது இரண்டு நாள், அறிவித்தல் நான்கு நாள், மொழிபெயர்ப்பு மூன்று நாள், சட்டத்தரணி ஒரு நாள். செயலியில் செய்ய வேண்டிய மாற்றம் மட்டும் இதற்கு வெளியே, எங்களுக்கு அது இருபது நாள் இழுத்தது. காசு: வீணான 45,000ஐ விட்டால் 42,000.

"தரவுப் பாதுகாப்பு அதிகாரி நியமிக்காவிட்டால் உள்ளே போட்டுவிடுவார்கள்" என்று சொல்லிக்கொண்டு மாதச் சந்தாவோடு சிலர் வருவார்கள். அந்தப் பதவி எல்லா நிறுவனத்துக்கும் கட்டாயம் இல்லை. ஆட்களைப் பெருமளவில் தொடர்ந்து கண்காணிப்பதோ, விசேட வகைத் தரவைப் பெருமளவில் கையாள்வதோ உங்கள் முக்கிய வேலையாக இருந்தால்தான் கேள்வி வரும். பிள்ளைகளோடு வேலை செய்யும் எங்களைப் போன்றவர்கள் வளர வளர அந்தக் கோட்டை நெருங்குவோம். இப்போதைக்கு நால்வரில் ஒருவருக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்து, அதையும் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறோம். காசு கொடுத்தால் சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ் தருகிறோம் என்பவர்களுக்குத் தேநீர் மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

கடைசி வேலை வர்த்தமானி. வாராந்த இதழ் வெள்ளிக்கிழமைதான் வரும். ஆனால் இதுபோன்ற கட்டளைகள் அதிவிசேட வர்த்தமானியில் எந்த நாளிலும் வரலாம். திங்கட்கிழமை காலையில் ஐந்து நிமிடம் அரச அச்சகத்தின் தளத்தைப் பார்ப்பது என்று உங்கள் நாட்காட்டியில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். எங்கள் அலுவலகத்தில் அது என்னுடைய வேலை, தேநீர் ஊற்றுவதற்கு முன்.